யாவா உழவரும் ஆராய்ச்சி உரிமையும்

உழவரைப் பற்றி எழுதப்பட்டவை பல. உழவரைப் பாடாத புலவர் தமிழிலே அரியர். உழவருக்கு அறிவுரை கூறாத அரசாங்கமும் உலகில் இல்லை. ஆயின், உழவன் தானே ஒரு வினாவை எழுப்பினான், அதற்கு விடை காணத் தன் வயலிலே ஒரு சோதனையை அமைத்தான், கண்ட முடிவை வைத்துக்கொண்டு அதிகாரத்தோடு வாதாடினான் என்ற செய்தி வரலாற்று நூல்களிலே எளிதிற் கிடைப்பதில்லை. கண்டறிபவன் ஒருவன், கேட்டு நடப்பவன் வேறொருவன் என்னும் பிரிவினை அத்துணை இயல்பானதாக நமக்குத் தோன்றிவிட்டது. நிலமுடையோன் நிலமற்றோன் என்ற பிரிவினையை வினாவுக்குட்படுத்திய நாம், இந்தப் பிரிவினையை ஏனோ நெடுங்காலம் கவனியாது விட்டோம்.

இப்பிரிவினை ஒரு காலத்தில் ஓரிடத்திலேனும் அசைக்கப்பட்டது. அவ்விடம் இந்தோனேசியாவின் யாவாத் தீவு. காலம் 1980ஆம் ஆண்டுகளின் இறுதி. அசைத்தவர்கள் இரண்டு மூன்று ஏக்கருக்கும் குறைந்த வயல் வைத்திருந்த நெற்செய்கையாளர்கள். அங்கே என்ன நிகழ்ந்தது என்பதை அறிவதற்கு முன்னர், அதற்கு முந்திய கால் நூற்றாண்டைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1960இலே இந்தோனேசியா அடிப்படை நிலச் சட்டத்தை இயற்றிற்று. நிலவுடைமைக்கு உச்சவரம்பு விதித்து, மிகை நிலத்தை உழுவோருக்குப் பகிர்ந்தளிப்பதே நோக்கம். ஏட்டிலிருந்த சட்டம் வயலுக்கு வரத் தாமதித்தபோது, 1963 முதல் 1965 வரை இந்தோனேசிய உழவர் முன்னணி தானே அதனை நடைமுறைப்படுத்த முனைந்தது. தன் உறுப்பினர் தொகை எண்பது இலட்சத்தைத் தாண்டியதென அம்முன்னணி கூறிவந்தது. 1964இலே கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் அய்தித் தலைமையில் மேற்கு யாவாக் கிராமங்களிலே ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. ஆராய்வோர் உழவரோடு கூடி உழைத்தல், கூடி உண்ணல், கூடி உறங்கல் என்பன அவ்வாராய்ச்சியின் விதிகள். அதன் முடிவுகளிலே கட்சிச் சார்பு இருந்ததா என்று இன்று வாதிடலாம். ஆயினும் கிராமத்தானை விசாரிக்கச் செல்வோன் அவன் திண்ணையில் உறங்கியெழ வேண்டும் என்ற விதி நம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்துவதே.

இதே காலத்திலே வேறொரு முயற்சியும் தோன்றியது. 1963–64 பருவத்திலே போகோர் நகரத்து விவசாய உயர்கல்விக் கழகத்தின் மாணவர் சிலர் கரவாங் மாவட்டத்துக்குச் சென்றனர். அங்குள்ள கிராமங்களிலே குடியிருந்து, உழவரோடு வயலில் இறங்கி, நல்விதை, பசளை, நீர், பயிர்ப் பாதுகாப்பு, திருந்திய செய்கைமுறை என்னும் ஐந்தினையும் ஒருங்கே கையாண்டனர். விளைச்சல் கணிசமாக உயர்ந்தது. அடுத்த ஆண்டு நூற்றுக்கணக்கான மாணவர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். மாணவனின் பாடமும் உழவனின் பட்டறிவும் ஒரு வரம்பிலே சந்தித்த அம்முயற்சி தொடர்ந்திருப்பின் அதன் கதி என்னவாகியிருக்குமோ, நாம் அறியோம்.

1965 ஒக்டோபருக்குப் பின் எல்லாம் மாறிற்று. இராணுவத்தின் கை ஓங்கியது. சில மாதங்களுக்குள் கொல்லப்பட்டோர் ஐந்து இலட்சத்துக்குக் குறையார் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கணக்கு. அவர்களுட் பெருந்தொகையினர் யாவாவிலும் பாலியிலும் வாழ்ந்த உழவர்கள். உழவர் முன்னணி அழிந்தது. நிலப் பகிர்வு பற்றிப் பேசுவதே உயிராபத்தாயிற்று. கிராமத்திலே வினா எழுப்பும் வாய்கள் அடைக்கப்பட்ட பின்னரே அங்கு 'பசுமைப் புரட்சி' நுழைந்தது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். விதைகளின் குணங்குற்றங்களை மட்டும் ஆராய்வோர் இவ்வரிசை முறையை மறந்துவிடுகின்றனர்.

பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல் மறு ஆண்டே யாவாவை அடைந்தது. இந்நெல்லின் தாய்வழி, யாவாவிலேயே உருவான 'பேத்தா' என்னும் இனம். தந்தைவழி தாய்வானைச் சேர்ந்தது. எனவே இந்தோனேசியர் அதனைப் 'புதிய பேத்தா' என்று அழைத்தனர். தன் வீட்டுப் பெண் பிறநாட்டிலே பெற்ற பிள்ளையை உறவு சொல்லி வரவேற்றது போன்ற செயல்! ஆனால் வந்த பிள்ளை தனியே வரவில்லை. கடனும் பசளையும் பீடைநாசினியும் ஒரு பொதியாகக் கட்டப்பட்டு வந்தன. போகோர் மாணவர் தொடங்கிய இயக்கத்தின் பெயர் மாறி 'பீமாஸ்', அதாவது மக்கள் திரள் வழிகாட்டல், என்றாயிற்று. கூடி உழைத்த மாணவனின் இடத்திலே கட்டளையிடும் அதிகாரி நின்றான்.

1968க்கும் 1970க்கும் இடையே இது உச்சத்தை அடைந்தது. ஐரோப்பிய, யப்பானிய இரசாயனக் கம்பனிகளோடு அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. கம்பனிகள் பொருள்களை வழங்கும். அரசாங்கம் ஏக்கர்க் கணக்கிலே பணம் செலுத்தும். வானூர்திகள் வயல்களுக்கு மேலாகப் பறந்து நஞ்சு தெளித்தன. கீழே நின்ற உழவனிடம் உன் வயலிலே பூச்சி உண்டா என்று எவரும் கேட்கவில்லை. வாய்க்கால்களிலும் குளங்களிலும் மீன்கள் செத்து மிதந்தன. யாவா உழவனுக்கு வயல் மீன் கறியாகும் பொருள். எனவே நஞ்சு அவனுடைய சட்டியில் வந்து விழுந்தது. முறைகேடுகளும் மலிந்தமையால் 1970இலே அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆயின் மேலிருந்து தெளிக்கும் மனப்பான்மை கைவிடப்படவில்லை.

பின்வந்தது ஒரு சிறு பூச்சியின் கதை. எமது கீழ்மாகாணக் கமக்காரர் 'அறக்கொட்டியான்' என்று அஞ்சும் கபிலநிறத் தத்தியே அது. நெற்பயிரின் அடியிலே கூட்டங் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் கருகி, தீயிலே வாட்டியது போலாகிவிடும். பசுமைப் புரட்சிக்கு முன்னர் இது யாவாவிலே பொருட்படுத்தத்தக்க பீடையாக இருக்கவில்லை. 1975 தொடங்கி 1977 வரை இது பெருவாரியாகப் பரவி அழித்த நெல், இருபத்தைந்து முப்பது இலட்சம் மக்களின் ஓராண்டு உணவு என்று கணக்கிடப்பட்டது. உலகிலேயே மிகுதியான அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடாக இந்தோனேசியா ஆயிற்று. தத்தியை எதிர்க்கும் ஆற்றலுடைய புதிய நெல்லினம் கொண்டுவரப்பட்டது. சில பருவங்களிலே தத்தி அதனையும் உண்ணப் பழகிற்று. மற்றோர் இனம் வந்தது. நஞ்சின் அளவும் கூடிற்று. பீடைநாசினியின் விலையில் ஐந்தில் நான்கு பங்கு அளவினை அரசாங்கமே மானியமாகச் செலுத்தியது. ஆண்டொன்றுக்கு அதற்கான செலவு பத்துக் கோடி டொலரைத் தாண்டியது.

நஞ்சு தெளிக்கத் தெளிக்கத் தத்தி பெருகிய புதிரை விளங்கிக்கொள்வது கடினமன்று. தத்தி தன் முட்டைகளை இலைமடலின் உள்ளே புதைத்து இடுகின்றது. தெளித்த மருந்து அங்கே எட்டுவதில்லை. வெளியே திரியும் சிலந்திகளும், தத்தியின் முட்டையை உறிஞ்சியுண்ணும் பச்சைநிறச் சிறு பூச்சிகளும், நீர்மேல் ஓடும் பூச்சிகளுமே மருந்தினால் மடிகின்றன. ஏழெட்டு நாளில் முட்டைகள் பொரிக்கும்போது அவற்றைப் பிடித்துண்ண எவரும் இல்லை. காவலாளரைக் கொன்றுவிட்டுக் கள்வருக்குக் கதவைத் திறந்துவிடும் செயல் அது. பீற்றர் கென்மோர் என்னும் ஆய்வாளர் 1970ஆம் ஆண்டுகளின் இறுதியிலே பிலிப்பைன்ஸ் வயல்களிலே நடத்திய ஆராய்ச்சி இதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. இந்தோனேசியப் பூச்சியியலாளர் இடா ஞொமான் ஓகா போன்றோரும் தம் நாட்டிலே இதனை வற்புறுத்தி வந்தனர். எவரும் செவிசாய்க்கவில்லை. 1984இலே நாடு அரிசியில் தன்னிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு சனாதிபதி சுகார்த்தோ உரோமாபுரியிலே உலக உணவு விவசாய நிறுவனத்தின் பாராட்டைப் பெற்றார். பாராட்டுரையின் ஓசை அடங்குமுன்னரே மத்திய யாவாவிலே தத்தி மீண்டும் பரவிற்று.

தன்னிறைவு என்ற பெயர் பறிபோகும் என்ற அச்சமே அரசாங்கத்தை அசைத்தது. 1986 நவம்பர் 5ஆம் நாள் சனாதிபதியின் கட்டளையொன்று பிறந்தது. நெற்செய்கையில் 57 வகைப் பீடைநாசினிகளின் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1989 தொடக்கத்திலே முற்றாக நீக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலே நெல்லுக்கான பீடைநாசினிப் பயன்பாடு பாதிக்கு மேல் வீழ்ந்தது. விளைச்சல் வீழவில்லை, உயர்ந்தது.

இதுவரை கூறியதிலே உழவன் எங்கே? மேலிருந்து வந்த நஞ்சு, மேலிருந்தே தடுக்கப்பட்டது. கட்டளையின் உள்ளடக்கம் மாறியதேயன்றிக் கட்டளையிடும் முறை மாறவில்லை. நல்ல கட்டளையாயிற்றே என்று இதிலே நிறைவு கொள்வோர் உளர். எமக்கு அந்நிறைவு இல்லை. நாளை வேறொருவர் வேறொரு கட்டளையிடின், அதனைச் சோதித்துப் பார்க்கும் ஆற்றல் உழவனிடம் இல்லையெனின், அவன் நிலை முன்போலத்தான்.

இங்கேதான் உண்மையான புதுமை நிகழ்ந்தது. 1989இலே தேசியத் திட்டமொன்று தொடங்கப்பட்டது. பீடைநாசினி வணிகத்தோடு நெருங்கியிருந்த விவசாய அமைச்சின் கையில் விடப்படாது, தேசியத் திட்டமிடல் நிறுவனத்தின் பொறுப்பிலே அது வைக்கப்பட்டது. அமெரிக்க உதவிப் பணமும் உலக உணவு விவசாய நிறுவனத்தின் துணையும் இருந்தன. எந்தக் கையின் பணம் என்று நம்மவர் கேட்பது நியாயமே. ஆயின் பணம் வந்த வழியிலேயே கருத்தும் வந்தது என்று கொள்ளுதல் இங்குப் பிழையாகும். கருத்து வந்த வழி வேறு. யாவாக் கிராமங்களிலே முறைசாராக் கல்வியில் ஈடுபட்டிருந்தோரும், பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரேயின் சிந்தனையிலே ஊறியோரும் பூச்சியியலாளரோடு கூடினர். அக்கூட்டின் விளைவே 'வயற் பள்ளி'.

வயற் பள்ளிக்குக் கட்டடம் இல்லை. ஒரு வயலும் அருகே ஒரு மரநிழலும் போதும். இருபத்தைந்து உழவர் சேர்வர். நாற்று நட்ட சில நாள் முதல் அறுவடை வரை, கிழமைக்கு ஒருநாள், காலையிலே கூடுவர். வயல் இரண்டாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதியிலே வழக்கப்படி செய்கை. மற்றதிலே அவ்வக் கிழமை கண்டதைக் கொண்டு தாமே எடுக்கும் முடிவின்படி செய்கை. ஐவர் ஐவராகப் பிரிந்து சேற்றிலே இறங்கிப் பயிர்ப்பூட்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்வர். மட்டம் எத்தனை, இலையின் நிறம் என்ன, தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை, நீர் எவ்வளவு என்று எண்ணிக் குறிப்பர். பின் மரநிழலில் அமர்ந்து, பெரிய தாளிலே பயிரை நடுவிலும், ஒருபுறம் பீடைகளையும் மறுபுறம் அவற்றின் பகைவரையும் வண்ணக்கோலால் வரைவர். வெயிலா மழையா என்பதும் மேல்மூலையிலே இடம்பெறும். படத்தை முன்வைத்து ஒவ்வொரு குழுவும் தன் முடிவைக் கூறும். ஏனையோர் குறுக்கே கேட்பர். எழுத்தறியாதவனும் படத்தைக் கொண்டு வாதிட்டான்.

இப்பள்ளியில் ஆசிரியரின் தொழில் யாது என்பதே எம்போன்ற ஆசிரியர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. உழவன் ஒரு பூச்சியைப் பிடித்துவந்து 'இது என்ன?' என்று கேட்பான். பெயரைச் சொல்லிவிடுதல் இலகு. ஆனால் பயிற்றுநர் சொல்வதில்லை. 'எங்கே கண்டீர்கள்? தனியாகவா, கூட்டமாகவா? என்ன செய்துகொண்டிருந்தது?' என்று திருப்பிக் கேட்பார். விடையறியாது திகைத்தவன் மீண்டும் வயலில் இறங்குவான். பெயர் தெரிந்துகொண்டதும் கேள்வி செத்துவிடும் என்பதை அப்பயிற்றுநர் உணர்ந்திருந்தனர். அவர்களும் சும்மா வந்தவரல்லர். நெல் பயிரிடாமலே பீடை பற்றி அறிக்கை எழுதிவந்த கள அலுவலர்களை, ஒரு முழுப்பருவம் தம் கையாலேயே நெல் நட்டு அறுத்த பின்னரே பயிற்றுநர் ஆக்கினர். நமது வகுப்பறைகளை எண்ணிப் பார்க்கிறோம். சோதனையைச் செய்யாமலே அவதானம் எழுதும் கொப்பிகள் எத்தனை! சென்ற ஆண்டு மாணவனின் கொப்பியைப் பார்த்து இவ்வாண்டு மாணவன் எழுதிய 'அவதானத்துக்கு' நாமும் சிவப்பு மையாற் சரி போட்டிருக்கிறோம்.

அவ்வுழவர் செய்த சோதனைகள் எளியன. சட்டியிலே நட்ட நெற்பயிரை வலையால் மூடி, உள்ளே சில தத்திகளையும் ஒரு சிலந்தியையும் விடுவர். மறுநாள் வந்து எஞ்சிய தத்திகளை எண்ணுவர். பூச்சியைப் பூச்சி தின்னும் என்று எந்த அலுவலர் சொல்லியும் நம்பாதவன், தன் வலைச்சட்டியிலே ஓநாய்ச் சிலந்தி ஓர் இரவிலே செய்ததைக் கண்ட பின் மருந்துப் போத்தலை எடுக்கத் தயங்கினான். மற்றொன்று இலை வெட்டும் சோதனை. சிறு பாத்தியொன்றிலே இளம்பயிரின் இலைகளிற் காற்பங்கையும், வேறொன்றிலே அரைப்பங்கையும் கத்தரியால் வெட்டிவிடுவர். புழு தின்றதாகப் பாவனை. பிறகு ஒன்றும் செய்யாது காத்திருப்பர். பயிர் மீண்டும் தழைத்துவிடும். இளம்பருவத்து இழப்பு கதிரைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை என்பதை அறுவடை நாளிலே தம் கையால் நிறுத்துக் கண்டனர். இலையிலே ஓட்டை கண்டதும் தெளிகருவியைத் தோளில் மாட்டிய கைகள் அவை. 'இலை கெட்டாற் பயிர் கெட்டது' என்ற அச்சத்தை ஆண்டுக்கணக்காக ஊட்டி விற்கப்பட்ட பண்டத்துக்கு, ஒரு கத்தரிக்கோல் பதில் சொல்லிற்று.

இவை முன்னரே விஞ்ஞானிகள் அறிந்த உண்மைகளாயிற்றே, உழவர் மீண்டும் கண்டது எவ்வாறு ஆராய்ச்சியாகும் என்ற ஐயம் எழலாம். நியாயமான ஐயமே. வயற் பள்ளியின் முதற்பருவம் பயிற்சிதான். ஆயின் பயின்றவர் தம் வினாக்களைத் தாமே எழுப்பத் தொடங்கியபோது நிகழ்ந்தது வேறு. அதற்கு இந்திரமாயு சான்றாகும்.

மேற்கு யாவாவின் வடகரையிலே உள்ளது இந்திரமாயு மாவட்டம். 1989–90 மழைப்பருவத்திலே அக்கரையோரம் முழுவதும் வெள்ளைத் தண்டுதுளைப்பான் பரவிற்று. கதிர்கள் பதராகி வெளுத்து நின்றன. இப்புழுவின் இயல்பு விசித்திரமானது. கோடைகாலத்திலே அரிதாளின் அடியிலே உறங்கிக் கிடக்கும். மழை பெய்து நிலம் நனைந்ததும் விழித்துக் கூட்டுப்புழுவாகி, சில கிழமைகளின் பின் அந்துப்பூச்சிகளாக அலையலையாய் வெளிப்படும். முதல் அலை வரும்போது நாற்றுமேடை தயாராக இருந்தால் அதுவே முட்டையிடும் மேடையாகும். டச்சுப் பூச்சியியலாளர் வான் டெர் ஹோட் 1920ஆம் ஆண்டுகளிலேயே இதனை ஆராய்ந்து, முதல் அலை கழிந்த பின் விதைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். குடியேற்ற ஆட்சியினர் நீரைத் திறக்கும் நாளைக் கட்டுப்படுத்தி அதனை நடைமுறைப்படுத்தினர். உழவனுக்குக் கிடைத்தது நீர் வரும் தேதி மட்டுமே. காரணம் டச்சு மொழியிலே தங்கிவிட்டது. ஆட்சி போனதும் தேதியும் போயிற்று. காரணமறியாது கீழ்ப்படிந்த நல்ல பழக்கம் ஒரு தலைமுறை கூட நிலைக்காது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எமக்குக் கிடைக்கவில்லை.

1990இலே அதிகாரிகளின் முதல் விடை, குருணை வடிவிலான நஞ்சை வயலெங்கும் இடுவதே. வயற் பள்ளியைச் சார்ந்தோர் வேறு வழி காட்டினர். நாற்றுமேடைகளிலிருந்து முட்டைக் குவியல்களைக் கையாற் சேகரிக்கும் பேரியக்கம் நடந்தது. உழவரோடு பள்ளிப் பிள்ளைகளும் இறங்கினர். சேகரித்த முட்டைகளை எரித்துவிடவில்லை. மூங்கிற் குழாயினுள் இட்டு வைத்தனர். முட்டையினுள்ளே வாழும் ஒட்டுண்ணிக் குளவிகள் பொரித்துப் பறந்து வயலுக்கே திரும்பின; துளைப்பான் புழுக்கள் பொறியிலே சிக்கி மடிந்தன. நண்பனையும் பகைவனையும் பிரித்தெடுக்கும் இக்கருவிக்கு வேண்டியது ஒரு கணு மூங்கில்.

பின்வந்த ஆண்டுகளிலே இந்திரமாயுக் கிராமங்கள் சில இதனைத் தம் சொந்த ஆராய்ச்சியாக்கின. அவற்றுள் கலென்சாரி பெயர் பெற்றது. அரிதாளைப் பிளந்து உறங்கும் புழுக்களை எண்ணினர். மழை விழுந்த நாளையும் அந்துப்பூச்சி விளக்கருகே தோன்றிய நாளையும் குறித்தனர். முட்டைகளிலே குளவி புகுந்தவை எத்தனை என்று பார்த்தனர். இவற்றைக் கொண்டு விதைக்கும் நாளைக் கிராமமாகக் கூடி முடிவுசெய்தனர். டச்சு அறிஞரின் பழைய முடிவையே அவர்கள் பெரும்பாலும் மீண்டும் அடைந்தனர் எனலாம். ஆயினும் வேறுபாடு உண்டு. மழை முந்தினாலும் பிந்தினாலும் கணக்கை மாற்றத் தெரிந்தவர் இப்போது கிராமத்திலேயே இருந்தனர். நஞ்சு வழங்க வந்தோரிடம் தம் எண்களைக் காட்டி, வேண்டாம் என்று மறுக்கவும் அவர்களால் இயன்றது. சுகார்த்தோவின் ஆட்சியிலே உழவன் அதிகாரியிடம் 'வேண்டாம்' என்றான் என்பது சிறு செய்தியன்று. அரசியற் கூட்டம் கூடுவது தடுக்கப்பட்ட கிராமத்திலே, பூச்சியை எண்ணக் கூடிய கூட்டத்தை எவ்வாறு தடுப்பது?

1999 வரையில் பத்து இலட்சம் அளவிலான உழவர் வயற் பள்ளிகளிலே பயின்றிருந்தனர். அதற்கு முந்திய ஆண்டு சுகார்த்தோ வீழ்ந்தார். 1999இலே வயற் பள்ளி உழவர் தமக்கெனத் தேசியச் சங்கம் ஒன்றையும் அமைத்தனர். இம்முறை ஆசியாவின் பிறநாடுகளுக்கும் பரவியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலே இலங்கையிலும் வயற் பள்ளிகள் நடந்தன.

இவ்வியக்கத்தைப் போற்றுவோர் பலர் கூறாது விடும் குறையொன்றை நாம் கூறியாக வேண்டும். வயற் பள்ளியில் அமர்ந்த இருபத்தைந்து பேரும் யார்? பெரும்பாலும் நிலமுடைய, அல்லது குத்தகைக்கேனும் நிலம் பெற்ற ஆண்கள். யாவாவிலே நாற்று நடுவோரும் களை பறிப்போரும் பெண்கள். 'அனி-அனி' என்னும் சிறு கத்தியைக் கைக்குள் அடக்கி, கதிர் கதிராகக் கொய்து கூலி நெல் பெற்ற ஏழைப் பெண்களின் பிழைப்பை, குட்டை நெல்லும் அரிவாளும் அறுவடைக் குத்தகையும் எழுபதுகளிலேயே பறித்திருந்தன. வயலை அவர்கள் அறிந்த அளவு எவரும் அறியார். ஆயினும் வயலைப் பற்றிய பள்ளியிலே அவர்கள் இடம் சிறிது. 1960இன் நிலச் சட்டம் எழுப்பிய வினாவை வயற் பள்ளி தொடவேயில்லை. தத்தி எத்தனை என்று எண்ணத் துணிந்த கூட்டம், நிலம் எவரிடம் எத்தனை என்று எண்ணியிருந்தால் அது ஒரு பருவங்கூட நீடித்திருக்க மாட்டாது என்பதும் உண்மையே.

எம் நாட்டின் அண்மைக்கால அனுபவமும் ஈண்டு நினைவுக்கு வருகின்றது. 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே இரசாயனப் பசளையின் இறக்குமதி ஒரே அறிவித்தலிலே தடைசெய்யப்பட்டது. இயற்கை வேளாண்மை என்பதே சொல்லப்பட்ட குறிக்கோள். எந்தக் கமக்காரனும் தன் வயலின் ஒரு மூலையில் ஒரு பருவமேனும் சோதித்துப் பார்க்க அவகாசம் அளிக்கப்படவில்லை. நவம்பரிலே தடை விலக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் கெட்டது, விளைச்சல் பெரிதும் சரிந்தது. இயற்கை வேளாண்மையின் பெயரும் அதனோடு கெட்டது. யாவாவிலே நஞ்சு தெளித்த வானூர்தியும் இங்கே பசளையைத் தடுத்த வர்த்தமானியும் எதிரெதிர் நோக்குடையன என்பர். வயலிலே நின்று மேலே பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே திசையிலிருந்தே வந்தன.

யாவாவின் கதை வெற்றியோடு முடியவில்லை. தேசியத் திட்டத்தின் பணம் 1999இலே நின்றது. பீடைநாசினி வணிகம் மீண்டும் தளையின்றிப் பெருகி, மலிவான பண்டங்கள் கிராமக் கடைகளை நிறைத்தன. 2009க்கும் 2011க்கும் இடையே தத்தி யாவாவிலே மறுபடியும் பேரழிவு விளைத்தது. பத்து இலட்சம் பேர் பயின்றும் ஏன் இவ்வாறாயிற்று என்று கேட்போர்க்கு, யாவாவின் உழவர் தொகையோடு ஒப்பிடுக என்பதே எம் விடை. கடையிலே விற்பவன் ஒவ்வொரு நாளும் கற்பித்தான். பள்ளி ஒரு பருவத்தோடு முடிந்தது.

ஆயினும் வினாவெழுப்பப் பழகியோர் ஓயவில்லை. 2009 முதல் இந்திரமாயு உழவர் குழுவொன்று, மானிடவியலாளர் யுனிதா வினார்த்தோவும் வானிலை அறிஞர் கீஸ் ஸ்திஹ்தரும் துணைநிற்க, ஒவ்வொரு காலையும் தத்தம் வயலிலே மழையை அளந்து குறித்து வருவதைத் தொடங்கிற்று. இன்னுஞ் சிலர் விதையின்பாற் சென்றனர். பழைய இனங்களைத் தேடிச் சேர்த்து, தாமே மகரந்தம் தூவிக் கலந்து, பல தலைமுறை தெரிந்தெடுத்துப் புதிய நெல்லினங்களை உருவாக்கினர்.

அங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. 1992இன் பயிர்ச்செய்கைச் சட்டத்தை நாம் முரண்பாட்டின் உருவமாகவே காண்கிறோம். பயிர்ப் பாதுகாப்பு ஒருங்கிணைந்த பீடைக் கட்டுப்பாட்டு முறையிலேயே நடத்தப்படவேண்டும் என்று அச்சட்டமே விதித்தது. வயற் பள்ளியின் வெற்றி அதிலே பதிந்துள்ளது. அதே சட்டம், அனுமதியின்றி விதைமூலங்களைத் தேடிச் சேர்ப்பதையும் அரசு வெளியிடாத இனத்தைப் பரப்புவதையும் குற்றமாக்கிற்று. பூச்சியை ஆராயும் உழவன் போற்றப்பட்டான். விதையை ஆராயும் உழவன் குற்றவாளியானான். பூச்சியை எவரும் விற்பதில்லை, விதையை விற்கிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எமக்குப் புலப்படவில்லை. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே கிழக்கு யாவாவின் கெடிரிப் பகுதியில், சோள விதையைத் தாமே உருவாக்கிய சிறு உழவர் சிலர் நீதிமன்றத்திலே நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர்.

உழவர் அமைப்புக்களும் அவற்றின் நண்பரும் அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடினர். 2013 யூலையிலே தீர்ப்பு வந்தது. தனிப்பட்ட சிறு உழவர் விதைமூலங்களைத் தேடிச் சேர்க்கவும் தாம் உருவாக்கிய இனத்தைப் பரப்பவும் அனுமதி பெறவேண்டியதில்லை என்று நீதிமன்றம் கூறிற்று. ஆயினும் 2019 யூலையிலே, ஆச்சே மாகாணத்தின் கிராமத் தலைவர் ஒருவர், உழவர் வளர்த்தெடுத்த நெல்லினமொன்றைச் சான்றிதழின்றிப் பரப்பினார் என்று கைதுசெய்யப்பட்டார். அவ்விதை அவர் ஊரிலே நன்கு விளைந்தது என்பதே அதனை அவர் பரப்பியதற்குக் காரணம். எதிர்ப்பெழுந்த பின் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டிலே பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறியது. சிறு உழவன் விதையை உருவாக்கலாம் என்று அது ஒப்புக்கொள்கின்றது. ஆனால் அதனை அரசுக்கு அறிவித்தல் வேண்டும், தன் குழுவினுள்ளேயே பரப்புதல் வேண்டும் என்ற வரம்புகளையும் சேர்த்தே விதிக்கின்றது. நன்றாய் விளைந்த வயலைக் கண்டு, வரம்பிலே நின்று ஒரு பிடி விதைநெல் கேட்கும் அயலூரானுக்குக் கொடுப்பதா மறுப்பதா என்பதை அச்சட்டத்தின் கீழ் யாவா உழவன் இனித் தானே முடிவுசெய்தாக வேண்டும்.